வழக்கம் எது, தடயம் எது: அந்நியச் சமூகத்துத் துப்பறியும் நாவல்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

முதல் முயற்சியில் என்னால் அறுபதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கதை நடப்பது சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில். செல்வாக்குள்ள குடும்பத்தின் பதினாறு வயதுப் பெண் திருமணத்துக்குச் சில நாள் முன்பு காணாமல்போகிறாள். அவளைத் தேடப் போகும் பாலைவன வழிகாட்டி, பெண்கள் எதிரே வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறான். எதையோ மறைக்கிறான் என்று குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த ஆண்களை ஆண்கள் கூடத்தைத் தாண்டி உள்ளே விடவில்லை. உள்ளே என்னவோ இருக்கிறது என்று அதையும் குறித்தேன். இப்படியே போய், அறுபது பக்கத்துக்குள் எனக்கு எல்லோருமே குற்றவாளிகளாகிவிட்டார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் புரிந்தது. நான் சந்தேகப்பட்டவை எல்லாம் அந்த ஊரின் மரியாதை. “இது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது” என்று நான் கடந்துபோன வரிகளில்தான் ஆசிரியர் தடயங்களை வைத்திருந்தார். இவ்வகை நாவல்களில் சமூகத்தின் கட்டுப்பாடு கதைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை இல்லை. யார் யாரோடு தனியாக இருக்கலாம், யார் முகத்தை யார் பார்க்கலாம், எந்த நேரத்தில் எந்தக் கதவு திறக்கும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. பூட்டும் சாவியும் அதுவே.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு, தமிழில் பாக்கெட் நாவல்களும் ஆங்கிலத்தில் வழக்கமான துப்பறியும் கதைகளும் படித்துவிட்டு இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பின்னட்டையிலும் கதையின் தொடக்கத்திலும் வெளிப்படுவதை மட்டுமே சொல்லியிருக்கிறேன். கொலையாளி யார் என்பது எங்கும் வராது.

1. முதல் நூலைப் பக்கத்து ஊரிலிருந்து எடுங்கள்

நான் நேராக ஜித்தாவுக்குப் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கடற்பாலத்தைத் தாண்டினால் வரும் ஊரிலிருந்து தொடங்குங்கள்.

ஷமினி ஃபிளிண்ட் எழுதிய ‘எ மோஸ்ட் பெக்யூலியர் மலேஷியன் மர்டர்’ (2009) முதல் நூலாக வைத்துக்கொள்ள ஏற்றது. சிங்கப்பூர்க் காவல்துறை அதிகாரி சிங், கோலாலம்பூருக்கு அனுப்பப்படுகிறார். முன்னாள் கணவனைக் கொன்றதாகச் சிறையில் இருக்கும் சிங்கப்பூர்ப் பெண்ணின் வழக்கு அது. பிள்ளைகளைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள அந்தக் கணவன் இஸ்லாத்துக்கு மாறியிருந்தான் என்பதுதான் முடிச்சு. பொது நீதிமன்றம், ஷரியா நீதிமன்றம் என்று இரண்டு இருப்பது நமக்குப் புதிதில்லை. இங்கும் முஸ்லிம்களின் திருமண, மணவிலக்கு விவகாரங்களுக்கு ஷரியா நீதிமன்றம் உண்டு. தெரிந்த தரையில் நின்றுகொண்டு தெரியாததைப் பார்க்க இந்த நூல் பழக்குகிறது.

இரண்டாவதாக, சுஜாதா மாஸி எழுதிய ‘த விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ (2018). 1921ஆம் ஆண்டுப் பம்பாய். பார்சிப் பெண் (பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த ஜரதுஷ்டிர மதத்தவர் பார்சிகள்) வழக்கறிஞர் பெர்வீன் மிஸ்திரி, கோஷாவில், அதாவது அந்நிய ஆண்கள் பார்க்காதபடி திரைக்குள், வாழும் மூன்று முஸ்லிம் கைம்பெண்களின் சொத்து விவகாரத்தைக் கையில் எடுக்கிறார். இந்தியா நமக்குத் தெரியும் என்ற நினைப்போடு போவீர்கள். பார்சி வீட்டுக்குள் நுழைந்ததும் எவ்வளவு தெரியாது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஜித்தா: ஸோயி ஃபெராரிஸ் எழுதிய ‘ஃபைண்டிங் நூஃப்’ (2008). நான் அறுபதாம் பக்கத்தில் நின்றது இதில்தான். அதன் பிறகு வைதிக யூதர்களைப் பற்றிய ‘த ரிச்சுவல் பாத்’ (1986, ஃபே கெல்லர்மன்), அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களிடையே நடக்கும் ‘ஸ்வார்ன் டு சைலன்ஸ்’ (2009, லிண்டா காஸ்டில்லோ) இரண்டையும் எந்த வரிசையிலும் படிக்கலாம். ஒரு முன்னெச்சரிக்கை: ‘த ரிச்சுவல் பாத்’ பாலியல் வன்முறையில் தொடங்குகிறது, ‘ஸ்வார்ன் டு சைலன்ஸ்’ கொலைகளின் கொடூரத்தை ஒளிக்காமல் எழுதுகிறது. இரவில் படுக்கும் முன் படிக்கிறவர்கள் யோசித்து எடுங்கள்.

2. புத்தகம் கைக்கு வருவது: செலவும் ஒரு பெரிய பொறியும்

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய நூலக வாரியத்தின் அடிப்படை உறுப்பினர் சேர்க்கைக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை அல்லது சிங்பாஸ் போதும். மற்றவர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சேரலாம். அன்றைய தொகையை வாரியத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரவல் காலம் 21 நாள். நான் கடைசியாகத் தாமதமாகத் திருப்பியபோது, ஒரு புத்தகத்துக்கு நாளொன்றுக்கு 15 காசு கட்டினேன். மின்னூலாக எடுத்தால் தவணை முடிந்ததும் அது தானாகத் திரும்பிவிடும். லிபி செயலியில் நூலக உறுப்பினர் கணக்கைக் கொண்டே மின்னூல் எடுக்கலாம்.

சொந்தமாக வாங்க வேண்டுமென்றால், விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்துக்கு எதிரே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. பூகிஸ் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். அங்கே பழைய புத்தகக் கடைகளில் நான் வாங்கிய நாவல்களுக்கு ஐந்து முதல் எட்டு வெள்ளி வரை கொடுத்திருக்கிறேன். புதிதாக வாங்கியவற்றுக்கு இருபது வெள்ளியை ஒட்டி ஆனது. பழைய துப்பறியும் நாவலை வாங்கும்போது கடைசித் தாள்கள் இருக்கின்றனவா என்று பக்க எண்ணை மட்டும் பாருங்கள். வரிகளில் கண் போகாமல் கட்டை விரலால் மூடிக்கொள்ளுங்கள். பென்சில் குறிப்பு எழுதப்பட்ட பிரதி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எனக்குக் கிடைத்த ஒன்றில், முன்பு படித்தவர் கதைமாந்தர் பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்.

பெரிய பொறி தலைப்புதான். ஒரே நாவல் நாட்டுக்கு நாடு வேறு பெயரில் வருகிறது. ‘ஃபைண்டிங் நூஃப்’ பிரிட்டிஷ் பதிப்பில் ‘த நைட் ஆஃப் த மிஃராஜ்’. ‘த விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ இந்தியப் பதிப்பில் ‘எ மர்டர் ஆன் மலபார் ஹில்’. இங்கே ஒன்றை வாங்கிவிட்டு, சென்னைக்குப் போனபோது அடுத்த பாகம் என்று நம்பி அதே கதையை மறுபடி வாங்கினேன். வாங்கும் முன் பின்னட்டையில் முதன்மைக் கதைமாந்தரின் பெயரையும் கதை நடக்கும் ஆண்டையும் பாருங்கள். அவை இரண்டும் ஒத்துப்போனால் அது ஒரே நூல்.

3. திறப்பதற்கு முன் பதினைந்து நிமிடம்

மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, கதை நடக்கும் ஆண்டு. சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. சவூதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி நடைமுறைக்கு வந்தது 2018 ஜூனில். மார்க்கக் காவலர்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரம் 2016இல்தான் எடுக்கப்பட்டது. 2008இல் வெளிவந்த நாவலை இன்றைய செய்தியை மனத்தில் வைத்துப் படித்தால், “அவளே காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே” என்று தோன்றும். தோன்றிய அந்த நொடியில் கதை உங்கள் கையை விட்டுப் போய்விடும். அவளை ஓர் ஆண்தான் எங்கேயும் அழைத்துச் சென்றாக வேண்டும். எனவே அவள் எங்கே போனாள் என்பது தெரிந்த ஓர் ஆண் எப்போதும் இருப்பான். பெர்வீன் கதையிலும் இதே நிலைதான். இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞர்களாகத் தொழில் செய்யச் சட்டம் வழிவிட்டது 1923இல். 1921இல் அவர் நீதிமன்றத்தில் எழுந்து வாதாட முடியாது. பத்திரங்களைக் கொண்டுதான் போராட வேண்டும்.

இரண்டாவது, வாரமும் நாளும். அலிபி, அதாவது குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்ற சான்று, ஒரு நேரக் கணக்கு. அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. சவூதியில் வார விடுமுறை 2013 வரை வியாழனும் வெள்ளியும். பிறகுதான் வெள்ளி, சனி ஆனது. யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மத நாள்காட்டியில் நாள் பிறப்பது சூரிய அஸ்தமனத்தில். கடையநல்லூர் பூர்வீகம் கொண்ட எங்கள் எதிர்வீட்டு அக்கா “வெள்ளி இரவு” என்று சொன்னால் அது நம் கணக்கில் வியாழக்கிழமை இரவு. இது தெரியாமல் ஒரு சாட்சியைப் பொய்யன் என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன். ஆமிஷ் மக்கள் பொதுவாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் வழிபாட்டுக்குக் கூடுகிறார்கள், அதுவும் ஒருவர் வீட்டில். “ஞாயிறு காலை எல்லோரும் வழிபாட்டில் இருந்தோம்” என்று ஒருவர் சொன்னால், எந்த ஞாயிறு, யார் வீடு என்ற இரண்டு கேள்வியும் உடனே எழ வேண்டும்.

மூன்றாவது, எழுதியவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது. ஃபெராரிஸ் அமெரிக்கர், கணவரின் குடும்பத்தோடு ஜித்தாவில் வாழ்ந்தவர். வீட்டின் பெண்கள் பகுதிக்குள் இருந்து பார்த்த கண் அது. எல்லா ஆசிரியருக்கும் அப்படி ஒரு வாசல் கிடைத்திருக்காது. ஆசிரியர் குறிப்பு பெரும்பாலும் நூலின் பின்னால் இருக்கும். அதை மட்டும் படித்துவிட்டு உடனே மூடுங்கள்; ஏன் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

4. பெயர்த் தாளும் உறவுத் தாளும்

இந்தப் படியில்தான் தமிழர்களுக்குப் பெரிய சாதகம் இருக்கிறது. பெரிய பள்ளமும் இங்கேதான்.

பெயர்கள் எளிது. அரபுப் பெயரில் ‘பின்’ என்றால் மகன், ‘பின்த்’ என்றால் மகள், ‘அபூ’ என்றால் தந்தை, ‘உம்மு’ என்றால் தாய். ஒருவரையே ஒரு பக்கத்தில் அவர் பெயராலும் அடுத்த பக்கத்தில் மூத்த மகனின் தந்தை என்றும் அழைப்பார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பார்சிக் குடும்பப் பெயர்களில் பல தொழிலைச் சொல்பவை. மிஸ்திரி என்பது கட்டடத் தொழில். நம் மேஸ்திரியும் அந்த மிஸ்திரியும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை. சிங்கப்பூரில் மிஸ்திரி ரோடு என்று ஒரு சாலையே இருக்கிறது. சோடா ஆலை நடத்திய, பொது மருத்துவமனைக்கு வாரி வழங்கிய பார்சி வணிகர் ஒருவரின் பெயர் அது. ஆமிஷ் மக்களிடையே சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அங்கே பெயரை விட்டுவிட்டு, யாருடைய பண்ணை என்று எழுதுங்கள்.

உறவுகள்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே சொல். அரபு மொழியில் தந்தையின் சகோதரருக்கு ஒரு சொல், தாயின் சகோதரருக்கு வேறு சொல், நம் சித்தப்பாவும் மாமாவும் போல. எனவே தாளில் ‘அங்கிள்’ என்று எழுதாமல் சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று தமிழிலேயே எழுதுங்கள். குடும்பத்தின் அமைப்பு சட்டென்று தெளிவாகும்.

ஆனால் ‘கஸின்’ என்ற சொல் வரும்போது நின்றுவிடுங்கள். தமிழ் இந்துக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரியப்பா மகன் அண்ணன். அவனோடு தனியாக உட்கார்ந்து பேசுவதில் எதுவும் இல்லை. அரபுச் சமூகத்தில் பெரியப்பா மகன் மணந்துகொள்ளக்கூடியவன். பல குடும்பங்களில் விரும்பித் தேடப்படும் மாப்பிள்ளையும் அவனே. மணக்கக் கூடாத நெருங்கிய உறவான ஆணை மஹ்ரம் என்பார்கள்: தந்தை, உடன்பிறந்தவன், மகன், தந்தையின் சகோதரர், தாயின் சகோதரர் போன்றோர். பெரியப்பா மகன் அந்தப் பட்டியலில் இல்லை. அவன் முன்னால் ஒரு பெண் முகத்திரை இல்லாமல் நிற்கிறாள் என்று ஒரு வரி வந்தால், அது வீட்டுச் சூழலை வருணிக்கும் வரி இல்லை. கதையின் அச்சாணியாகவே இருக்கலாம். நான் அப்படிப்பட்ட வரிகளை “அண்ணன்தானே” என்று படித்துத் தாண்டியிருக்கிறேன். இன்னொன்று: ஒரே பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இஸ்லாத்தில் உடன்பிறந்தவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள். பால்குடி உறவு என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். இரத்த உறவு இல்லாத ஆண் ஒருவன் வீட்டுக்குள் இயல்பாக நடமாடினால், காதல் என்று எழுதுவதற்கு முன் இந்த வாய்ப்பையும் எண்ணிப் பாருங்கள்.

5. விதித் தாள்: இதில் அவசரப்படாதீர்கள்

ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வழக்கம் வரும்போதும் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள்: இது யாரைக் கட்டுகிறது? மீறினால் யார் கவனிப்பார்கள்? இதனால் யாருக்கு எந்த இடத்தில் நுழைய முடிகிறது, யாருக்கு முடியவில்லை? மூன்றாவது கேள்விதான் உங்களைக் குற்றவாளியிடம் அழைத்துப் போகும்.

பெர்வீன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோஷாப் பெண்கள் அந்நிய ஆணைப் பார்ப்பதில்லை. அவர்களுக்காகப் பேசுவதும் கையெழுத்து வாங்குவதும் குடும்பத்தின் முகவரான ஓர் ஆண். அந்த ஆண் சொல்வது உண்மையா என்று எந்த ஆண் வழக்கறிஞராலும் உள்ளே போய்க் கேட்க முடியாது. பெண் வழக்கறிஞரால் முடியும். முழு நாவலும் இந்த ஒரு கதவைத் திறந்துகொண்டுதான் நகர்கிறது. மஹர் என்றால் என்ன, வக்ஃபு என்றால் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். மஹர் மனைவிக்குக் கணவன் தர வேண்டியது, நம் வரதட்சணைக்கு நேர் எதிர்த் திசை. வக்ஃபு அறத்துக்கென்று எழுதிவைத்த சொத்து. கையெழுத்துகளின் மேல் எழும் சந்தேகம் முழுக்க இவற்றில்தான் இருக்கிறது.

உடலும் அப்படியே. முஸ்லிம்களும் யூதர்களும் இறந்தவரைக் கூடிய விரைவில் அடக்கம் செய்ய விரும்புகிறார்கள். உடலைக் குளிப்பாட்டுவோர் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். பிரேதப் பரிசோதனையைக் குடும்பம் எதிர்த்தால் அதில் பயம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பக்தியாகவும் இருக்கலாம். அதே நேரத்தில், இறந்த பெண்ணின் உடலை உண்மையில் கண்ணால் பார்த்தவர்கள் யார் யார் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் அவர்கள் பெண்கள். அவர்களை விசாரிக்க ஆண் அதிகாரி தயங்குவார். ‘ஃபைண்டிங் நூஃப்’ கதையில் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் கத்யா என்ற பெண் இல்லாமல் பாலைவன வழிகாட்டி நயீர் ஓர் அடிகூட முன்னேற முடியாததற்குக் காரணம் இதுதான். அவனுக்குத் தெரியாத பாதி ஊர் அவளுக்குத் தெரியும்.

‘த ரிச்சுவல் பாத்’ என் மனத்தை மிகவும் கலக்கிய நூல். வைதிக யூதப் பெண்கள் மாதவிலக்குக்குப் பின் மூழ்கி எழும் குளியல் இல்லம், மிக்வா, அங்கே குற்றம் நிகழும் இடம். மணமான பெண்கள் அங்கே இருட்டிய பிறகுதான் போவார்கள். போவதை வெளியே சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். அதாவது, அந்த வழக்கத்தை அறிந்த எவனுக்கும் எந்த நேரத்தில், எந்த வழியில் பெண்கள் தனியாக வருவார்கள் என்று தெரியும். விதித் தாளின் மூன்றாம் கேள்வியை இங்கே எழுதிப் பாருங்கள். சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

இங்கேயே நான் விழுந்த பள்ளத்தையும் சொல்ல வேண்டும். என் பாட்டி வீட்டில் மூன்று நாள் தனி அறை, தனித் தட்டு. மிக்வா என்று படித்ததும் “தீட்டுதானே, தெரியும்” என்று முடிவு கட்டினேன். அதனால் கதையின் இளம் கைம்பெண் ரினாவை, வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டவள் என்றே படித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. தன் நம்பிக்கையைத் தானே தேர்ந்துகொண்டு, அதற்காக மற்றவர்களோடு வாதாடக்கூடியவள். நான் என் பாட்டி வீட்டு அறையை அவள் மேல் கவிழ்த்துவிட்டேன். அவள் எதை மறைப்பாள், எதை மறைக்க மாட்டாள் என்ற கணிப்பு முழுக்கப் பிழைத்துப்போனது. ஒப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒப்பிட்டதைப் பென்சிலில் எழுதுங்கள். கதை மறுத்தால் அழித்துவிடலாம்.

ஆமிஷ் கதைகளுக்கு ஒரு குறிப்பு போதும். அவர்கள் படம் எடுத்துக்கொள்ள விரும்புவதில்லை. வீட்டுக்குள் தொலைபேசி வைப்பதில்லை. காவல்துறையையும் நீதிமன்றத்தையும் நாடுவது அரிது. காணாமல்போனவரின் புகைப்படம் இருக்காது, புகார் தாமதமாக வரும். இவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று எழுதாதீர்கள். திருமுழுக்குப் பெற்றபின் விதியை மீறியவரை ஒதுக்கிவைப்பார்கள் என்பதை மட்டும் பெரிதாக எழுதுங்கள். மனிதர்கள் உண்மையை விழுங்குவது அந்தப் பயத்தில்தான்.

6. சொல் தேடும்போது கவனம்

தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் கதை செத்துவிடும். பென்சில் புள்ளி வைத்துவிட்டுப் போங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் தனித்தாளில் சொல்லையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். மூன்றாம் முறை வரும் சொல்லை மட்டும் தேடுங்கள். பெரும்பாலான சொற்கள் இரண்டாம் முறையிலேயே தம் பொருளைச் சொல்லிவிடுகின்றன.

தேடும்போது நாவலின் பெயரையோ கதைமாந்தரின் பெயரையோ சேர்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள். கதைமாந்தர் ஒருவரின் பெயரைத் தேடிய எனக்கு முதல் வரியிலேயே கொலையாளியின் பெயர் கிடைத்தது. சொல்லையும் சமூகத்தின் பெயரையும் மட்டும் இடுங்கள்: “மஹ்ரம் இஸ்லாம்”, “மிக்வா யூதம்”. நூலின் பின்னால் சொல்லகராதி இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஆனால் அதற்கு அடுத்த பக்கங்களில் வாசகர் குழுக்களுக்கான கேள்விகளும், ஆசிரியரின் நேர்காணலும், அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயமும் இருக்கக்கூடும். மூன்றும் முடிவை உடைத்துவிடும். சொல்லகராதியின் கடைசிப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவையுங்கள்.

7. மனிதரிடம் கேளுங்கள், முறையோடு கேளுங்கள்

நம் ஊரின் வசதி இது. இதே தீவில் யூதரும் பார்சியும் முஸ்லிமும் பல தலைமுறையாக இருக்கிறார்கள். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிறோமே, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் டெஸ்கர் ரோட்டில் பார்சிகளின் இல்லம் இருக்கிறது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878இல் கட்டிய மகைன் அபோத் யூத ஆலயம் இருக்கிறது. இரண்டுக்கும் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறாமல் போகாதீர்கள். அடையாள ஆவணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் எளிது, தெரிந்தவரிடம் கேட்பது. மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது எதிர்வீட்டு அக்காவிடம் நான் முதலில் கேட்டது தவறான கேள்வி: “உங்கள் மார்க்கத்தில் பெண்களை இப்படித்தான் அடைத்து வைப்பார்களா அக்கா?” அவர் முகம் வாடியதை இன்றும் மறக்கவில்லை. ஒரு கொலைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருடைய வாழ்க்கைக்கு விளக்கம் கேட்டது பெரிய பிழை. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இப்படிக் கேட்டேன்: “கணவரை இழந்தவர் இத்தா இருக்கும்போது யார் யார் வீட்டுக்கு வரலாம் அக்கா?” (கணவர் இறந்தபின் மனைவி வீட்டோடு காத்திருக்கும் காலம் இத்தா.) அவர் உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, நான்கு மாதம் பத்து நாள் கணக்கிலிருந்து தன் மாமியார் இத்தா இருந்தபோது வீட்டில் யார் கடைக்குப் போனார்கள் என்பதுவரை அரை மணி நேரம் சொன்னார். சவூதியில் ஒன்று, கடையநல்லூரில் ஒன்று, இங்கே ஒன்று என்று பிரித்தும் சொன்னார். எந்த அகராதியும் எனக்கு அதைத் தரவில்லை.

எனவே “ஏன்” என்று கேட்காதீர்கள். யார், எப்போது, எப்படி என்று கேளுங்கள். மாதவிலக்கு, படுக்கையறை, மதமாற்றம் மூன்றையும் அவர்களே எடுத்தாலன்றி நீங்கள் எடுக்காதீர்கள்.

8. 21 நாள் கணக்கு

முந்நூறு முந்நூற்றைம்பது பக்க நாவலுக்கு ஓர் இரவல் காலம் போதும், சரியாகப் பிரித்துக்கொண்டால். முதல் இரண்டு நாள் படி மூன்று. அடுத்த ஏழு நாளில் முதல் எண்பது பக்கம். நாளுக்குப் பன்னிரண்டு பக்கம், தாள்களை நிரப்பிக்கொண்டே. மெதுவாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதைத் தாண்டியதும் ஊர் பழகிவிடும். அடுத்த எட்டு நாளில் நடுப்பகுதி ஓடிவிடும். எம்ஆர்டியில் போகவர இருபது நிமிடம் கிடைத்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்; ஆனால் உறவுத் தாள் கையில் இல்லாமல் ரயிலில் படிக்காதீர்கள்.

கடைசி ஐம்பது பக்கத்துக்கு முன் ஒரு நாள் நிறுத்துங்கள். யார், எப்படி, எந்த விதி அவருக்கு வழி திறந்தது என்று மூன்று வரி எழுதி, தேதி போட்டு மடித்து வையுங்கள். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் விதித் தாளை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு வழக்கத்தை “இது அவர்கள் பழக்கம்” என்று விட்டிருப்பீர்கள். மீதமுள்ள மூன்று நாள் முடிவுக்கும், சந்தேகம் வந்த பக்கங்களைத் திரும்பப் பார்ப்பதற்கும்.

9. தொடர் நாவல்களின் வரிசை

இவற்றில் பல தொடரின் முதல் பாகங்கள். ஃபெராரிஸின் வரிசை ‘ஃபைண்டிங் நூஃப்’ (2008), ‘சிட்டி ஆஃப் வெயில்ஸ்’ (2010), ‘கிங்டம் ஆஃப் ஸ்டிரேஞ்சர்ஸ்’ (2012). கத்யாவுக்கும் நயீருக்கும் இடையே என்ன ஆகிறது என்பது ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் முந்தைய நூலின் முடிவை லேசாகக் காட்டிக்கொடுக்கும். நூலக அலமாரியில் மூன்றும் அருகருகே இருந்தால் முதல் நூலை மட்டும் உருவுங்கள். அடுத்ததற்கு, இதைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே செயலியில் முன்பதிவு போட்டுவிடுங்கள். உறவுத் தாளைக் கிழிக்காமல் வையுங்கள், அதே குடும்பங்கள் திரும்ப வரும்.